நடுகல்லும் ஒலிநாடாவும்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் நிற்கும் நடுகற்களை நெடுங்காலம் யாரும் வரலாற்றுச் சான்றாக எண்ணவில்லை. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் எடுத்த கல், வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அரசர்களின் வரலாற்றை எழுதியவர்களுக்கு மெய்க்கீர்த்தி போதுமானதாக இருந்தது. முதலாம் இராசராசன் காலம் தொட்டுக் கல்வெட்டுகளின் தலைப்பில் ஒரே வாசகமாக வரும் அந்தப் புகழுரை, தன்னைப் பற்றி உலகம் எதை அறிய வேண்டும் என்று அரசன் விரும்பினானோ அதைச் சொல்லும். இரா. நாகசாமி காலத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் செங்கம், தருமபுரி பகுதிக் கற்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான், அரண்மனை எழுதாத வரலாறு ஒன்று ஊரார் கையால் கல்லில் இருப்பது பலருக்கும் புலப்பட்டது. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலக் கல்லில், மாண்ட வீரன் கருந்தேவகத்தியின் பெயரோடு, கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அவன் பக்கத்தில் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. எந்த மெய்க்கீர்த்தியிலும் அந்த நாய்க்கு இடம் கிடைத்திருக்காது.

ஒலிப்பதிவிலும் இந்த இரண்டு வகைச் சான்றுகள் உண்டு. நிறுவனம் மெருகேற்றி, உறை அச்சிட்டு, பெயர் போட்டு வெளியிடும் இசைத்தட்டு மெய்க்கீர்த்தியைப் போன்றது. யாரிடமும் அனுமதி வாங்காமல் பதிந்து, கைக்குக் கை மாறி, உறையில் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிய பெயரோடு வாழும் ஒத்திகைப் பதிவும் கச்சேரிப் பதிவும் நடுகல்லைப் போன்றவை. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஒரு தொழில் எல்லைப் பகுதியின் இசை வரலாற்றை எழுத முனைகிறவர் இந்த இரண்டாம் வகையையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். திருட்டுப் பதிவு என்று நாம் ஒதுக்கிவைத்த பொருளுக்கு ஆவணம் என்ற தகுதியைக் கொடுக்கச் சொல்லும் வாதம் இது. ஆகவே இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் முழுமையாகக் கேட்டாக வேண்டும்.

முதலில், இந்த வாதம் எளிதில் நிறுவப்படும் ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து இரும்பும் எஃகும் வளர்த்த நகரம். அங்கே 'ரைட் டிராக்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை துடைப்பது உள்ளிட்ட எடுபிடி வேலைகளையும் உதவிப் பொறியாளர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார் டிரெண்ட் ரெஸ்னர் என்ற இளைஞர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள உரிமையாளர் இசைவு தந்தார். அப்படி 1988-ல் ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் தானே இசைத்துப் பதிந்த முன்வரைவுகளிலிருந்துதான் 'நைன் இன்ச் நெயில்ஸ்' இசைக்குழு பிறந்தது. 1989 அக்டோபரில் 'பிரெட்டி ஹேட் மெஷின்' என்ற முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. ஃபிளட், அட்ரியன் ஷெர்வுட், கீத் லெபிளாங்க், ஜான் ஃபிரையர் என்று பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் பலர் அதில் பங்கேற்றிருந்தார்கள். 1988-ன் வரைவுகளோ 1990-களில் 'பியூரஸ்ட் ஃபீலிங்' என்ற தலைப்பில், யாருடைய அனுமதியும் இல்லாமல், வட்டாக வெளியாகி உலகம் சுற்றின.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, வேறு எந்தப் பேட்டியும் சொல்லாத செய்தி கிடைக்கிறது. தொகுப்பில் 'ரிங்ஃபிங்கர்' என்று வரும் பாட்டு, வரைவில் 'ட்விஸ்ட்' என்ற வேறொரு பெயரோடு இருந்தது. வரைவின் தலைப்புப் பாட்டு தொகுப்பில் இடம்பெறவே இல்லை. எந்த இரைச்சல் ரெஸ்னர் தனியே இருந்தபோதே இருந்தது, எது பின்னர் வந்த தயாரிப்பாளர்களின் கைவண்ணம் என்று பிரித்தறிய முடிகிறது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடவேறுபாடு என்று சொன்னது இதைத்தான். உ.வே.சா. ஊர் ஊராகப் போய்ச் சுவடி தேடியதற்குக் காரணம் ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்பிட வேண்டியிருந்ததே. ஓர் இசைத்தொகுப்பின் ஒரே பிரதி நிறுவனம் வெளியிட்ட பிரதிதான் என்று ஏற்றுக்கொண்டால், அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லாமல் போகும்.

நைன் இன்ச் நெயில்ஸ் சார்ந்திருக்கும், இண்டஸ்ட்ரியல் என்று பெயர் பெற்ற இசை மரபே ஒலிநாடாவின் பிள்ளை. இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் 1973-ல் தொடங்கிய 'கேபரே வோல்டேர்' குழு, அதில் ஒருவரும் தொலைபேசிப் பொறியாளருமான கிறிஸ் வாட்சன் வீட்டின் பரண் அறையில் ஆண்டுக்கணக்கில் நாடாவில் பதிந்துகொண்டே இருந்தது. அந்தப் பரண் நாடாக்கள் பல ஆண்டுகள் கழித்துத் தொகுப்பாக வந்தன. லண்டனில் 'த்ராப்பிங் கிரிசில்' குழு தன் மேடை நிகழ்ச்சிகளைத் தானே பதிந்து, கேசட்டுகளாக அடுக்கிப் பெட்டியோடு விற்றது. 1980-ல் மேற்கு பெர்லினில் உருவான 'ஐன்ஷ்டுர்ட்சென்டே நொய்பவுட்டன்' குழு, இரும்புத் தகட்டையும் துளைப்பானையும் வாத்தியமாகக் கொண்டு, நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் எஃகுக் கூட்டுக்குள் உட்கார்ந்து அதே ஆண்டு ஒரு பதிவைச் செய்தது. பெரிய நிறுவனங்கள் எதுவும் இவற்றைப் பதியக் காத்திருக்கவில்லை. கையடக்கப் பதிவுக் கருவி இல்லாதிருந்தால் இந்த இசையின் தொடக்கம் காற்றோடு போயிருக்கும்.

1980 ஓசூருக்கும் முக்கியமான ஆண்டு. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் இங்கே தொழில் வளாகத்தை அமைத்த பிறகு, 1980-ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை வந்தது. அதே ஆண்டு இங்கிருந்துதான் டிவிஎஸ் 50 புறப்பட்டது. 1984-ல் டைட்டன் நிறுவனம் உருவாகி இங்கே கடிகார ஆலையை அமைத்தது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பிரஸ் ஷாப்பும் ஃபவுண்டரியும் ஷிப்டுச் சங்கும் வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் உள்ளூர்க் குடும்பங்களோடு ஒரே தெருவில் குடியேறினார்கள். ஷெஃபீல்டும் கிளீவ்லாந்தும் ஆலைகள் தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்த இரைச்சலை இசையாக்கின. ஓசூரில் ஆலை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது, ஆகவே அதே வகை இசை இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆனால் ஓசூரின் ஆலையும் தமிழ்நாட்டின் கேசட்டும் ஒரே பத்தாண்டில் வளர்ந்தவை. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டிய அந்தச் சிறு பெட்டி, 1970-களின் கடைசியில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் டூ-இன்-ஒன் வழியாக நம் வீடுகளுக்குள் வந்தது. ஆலைத் தொழிலாளி மாதச் சம்பளத்தில் வாங்கக்கூடிய முதல் பதிவுக் கருவி அதுதான்.

அதை ஒட்டி எழுந்த தொழிலைத் தமிழ்நாட்டில் ரெக்கார்டிங் சென்டர் என்றார்கள். எல்லாக் கடைவீதிகளிலும் அது இருந்தது. வாடிக்கையாளர் ஒரு தாளில் தனக்குப் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுப்பார். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, 90 நிமிடம் என்றால் ஒன்பது பத்து. கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தோ மூலக் கேசட்டிலிருந்தோ பதிந்து, உறையில் பாட்டு வரிசையைக் கையால் எழுதித் தருவார். நல்ல கடைக்கு அடையாளம் அதன் இசைத்தட்டுச் சேர்மானமும், ஈக்குவலைசரைத் திருகத் தெரிந்த கையும். விற்பனைக்கு வந்த கேசட்டின் முதுகில் பதிவைத் தடுக்க உடைத்திருக்கும் இரண்டு சிறு பள்ளங்களைக் காகிதம் திணித்து அடைத்து, அதன் மேலேயே வேறொன்றைப் பதிந்துகொள்வதும் பரவலான வழக்கம். எல்லை ஊரில் இதற்குக் கூடுதல் பரிமாணம் உண்டு. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். 'தளபதி' (1991), 'ரோஜா' (1992) படங்களின் பாட்டுக் கேசட்டுகளை வெளியிட்ட லகரி நிறுவனமே பெங்களூருவைச் சேர்ந்தது. தமிழின் புகழ்பெற்ற இசை கன்னடத் தலைநகரின் முத்திரையோடு ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியைக் கடந்து வருவது இந்தப் பகுதியின் அன்றாடம்.

திரைப்பாட்டு மட்டும் என்றால் இந்தக் கேசட்டுகளுக்கு ஆவண மதிப்பு குறைவு. அதன் மூலப்பதிவு சென்னையில் எங்காவது இருக்கும். மதிப்பு வேறு கேசட்டுகளில் இருக்கிறது. ஆயுதபூஜையன்று ஆலை வாசலில் நடந்த மெல்லிசைக் கச்சேரியை யாரோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருப்பார். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடந்தபோது இரவுக் கூத்தை ஒருவர் பதிந்திருப்பார். விடிய விடிய எட்டு மணி நேரம் ஓடும் ஒரு கூத்துக்கு 90 நிமிடக் கேசட் ஆறு வேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்போது ஒரு பாட்டின் தலையோ வாலோ போய்விடும். அப்படிப் போன பிறகும் மிஞ்சியிருப்பதில், வாத்தியார் அடவைச் சொல்லித் தருவது, முகவீணைக்காரர் சுருதி தேடுவது, கட்டியங்காரன் அந்த ஊர்ப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது, தெலுங்கில் ஒரு வசனம் நுழைந்து தமிழுக்குத் திரும்புவது எல்லாம் இருக்கும். கூத்தைச் சுருக்கி ஒரு மணி நேரக் கேசட்டாக நிறுவனங்கள் வெளியிட்டபோது முதலில் வெட்டியவை இந்தப் பகுதிகளைத்தான். ஊர்ப்பெயரும் கேலியும் மொழிக்கலப்பும் அடுத்த ஊரில் விற்காது. ஒரு வட்டாரத்துக்கே உரியவை வணிகப் பதிவிலிருந்து முதலில் வெளியேறும். பீட்டர் மேனுவல் வட இந்தியக் கேசட் தொழிலைப் பற்றி 1993-ல் எழுதிய நூல், ஒரே பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் பிடியை இந்த மலிவான நாடா தளர்த்தியதையும், வட்டார இசை பலவும் அதன்வழியே சந்தைக்கு வந்ததையும் விரிவாகக் காட்டுகிறது. அந்தச் சந்தைக்கும் வராமல் வீட்டிலேயே தங்கிய பதிவுகள் இன்னும் ஒருபடி உள்ளே இருப்பவை.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதுவும் மதிப்பு மிக்கதாகக் கருதப்படும் கர்நாடக இசையில். மதுரை மணி ஐயர் (1912–1968) வணிக இசைத்தட்டுகளுக்காகப் பாடியது மிகக் குறைவு. அவர் மறைந்த பிறகு பிறந்த தலைமுறைகள் அவருடைய கற்பனாஸ்வரத்தைக் கேட்டு மயங்குவது, ரசிகர்கள் சபாக்களிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்ததால்தான். எம்.டி. ராமநாதனின் ஆழ்ந்த சௌக்க காலப் பாட்டும் பெரிய அளவில் அப்படித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. அவற்றை இன்று யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, பொக்கிஷம் என்கிறோம். சபாவில் பதிந்தால் பொக்கிஷம், ஆலை வாசலிலோ கூத்துக் களத்திலோ பதிந்தால் குப்பை என்ற வேறுபாட்டுக்கு இசை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. அது சமூக மதிப்பீடு மட்டுமே, வரலாறு எழுதுகிறவர் அதை ஏற்கத் தேவையில்லை.

இனி எதிர்வாதங்கள். ரெக்கார்டிங் சென்டர் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர், வாத்தியக்காரர் அனைவரின் கூலியையும் தின்றது என்பார்கள். அது உண்மை. 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அப்போதே அது குற்றம். 1984-ன் திருத்தம் தண்டனையைக் கூட்டியதோடு, விற்கும் ஒவ்வொரு ஒலிப்பதிவின் உறையிலும் தயாரிப்பாளர் பெயரும் உரிமையாளர் பெயரும் ஆண்டும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வெளியான பாட்டைப் பிரதி எடுத்து விற்றதற்கு இக்கட்டுரை வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வெளியான பாட்டைப் பிரதி எடுப்பதும், வேறு யாரும் பதியாத நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பதும் ஒன்றல்ல. முன்னது இருக்கும் சரக்கைக் களவாடுகிறது. பின்னது இல்லாமல் போகவிருந்த ஒன்றை இருக்கச் செய்கிறது. சட்டமும் இவற்றைப் பிரித்தே பார்த்தது. நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்த்தலின் மேல் உரிமை என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் 1994-ன் திருத்தம் வரை இல்லவே இல்லை. 1970-களின் இறுதியில் தேவ் ஆனந்த் தொடர்பான வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் நடிகரின் நடிப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்றே சொன்னது. உரிமை வந்த பிறகும், பதிகிறவர் தன் சொந்தப் பயனுக்காகப் பதிவதும், நேர்மையான கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மட்டும் பதிவதும் அந்த உரிமையை மீறுவதாகாது என்று சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. பதிந்து வைத்தவரைக் கள்வர் என்று அழைப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கூத்துக் கலைஞருக்கு அந்த நாடாவால் ஒரு ரூபாயும் வரவில்லை என்பது நியாயமான குறை. அதற்குத் தீர்வு, பாதுகாக்கும் நிறுவனங்கள் அந்தக் கலைஞரையோ வாரிசையோ தேடிப் பெயரும் பங்கும் தருவது. நாடாவை அழிப்பதால் அவருக்குக் கூலி வந்துவிடாது.

இதைவிட வலுவான எதிர்வாதம் இன்னொன்று இருக்கிறது, அதற்கு எளிதான விடை இல்லை. ஒத்திகை என்பது அரங்கேறாதது. தவறு செய்து பார்க்கும் உரிமை கலைஞருக்கு வேண்டும். அறைக்குள் தடுமாறியதை ஊருக்குக் கேட்கவைப்பது, சமையற்கட்டில் அரைத்துக்கொண்டிருப்பதை இலையில் பரிமாறுவது போன்றது. நடுகல்லை ஊரே கூடி வெளிப்படையாக நட்டது, இந்த நாடா மறைவாகப் பிறந்தது, ஆகவே உவமை பொருந்தாது என்றும் சொல்லலாம். இதில் உண்மை இருப்பதால்தான் பாதுகாப்பதையும் வெளியிடுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் திரையிசையில் கம்போசிங் நேரத்தில் மெட்டைக் கேசட்டில் பிடித்துக் கவிஞரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். தத்தகாரத்தில் பாடிய அந்தக் கேசட்டுகளைச் சந்தையில் விற்றால் அது அத்துமீறல். ஓர் ஆவணக் காப்பகத்தில் வைத்து, படைத்தவரின் விருப்பப்படி காலம் கடந்த பிறகு ஆய்வாளருக்குத் திறந்தால் அது அத்துமீறல் ஆகாது. எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளுக்கும் கடிதங்களுக்கும் இந்த முறையைத்தான் கடைப்பிடிக்கிறோம். படைப்பாளியின் மனமும் மாறக்கூடியது என்பதற்கு ரெஸ்னரே சாட்சி. 2005-ல் தன் பாட்டின் தனித்தனித் தடங்களை ரசிகர்கள் பிரித்துச் சேர்க்கும்படி கொடுத்தவர், 2008-ல் 'த ஸ்லிப்' தொகுப்பை முழுவதும் இலவசமாகவே வெளியிட்டார். நாடா அழிந்திருந்தால் மனம் மாறுவதற்கும் பொருள் இருக்காது.

மூன்றாவது எதிர்வாதம் ஆய்வாளர்களுடையது. ஊரும் பேரும் தேதியும் இல்லாத கேசட்டை எப்படிச் சான்றாக ஏற்பது? ஆனால் தேதி இல்லாத கல்வெட்டை எழுத்தமைதி கொண்டு காலம் கணித்துப் பழகியவர்கள் நாம். நாடாவுக்கும் எழுத்தமைதி உண்டு. கேசட்டின் நிறுவனமும் வடிவமும் ஏறத்தாழ எந்த ஆண்டுகளுக்கு உரியது என்று சொல்லும். அழித்துப் பதிந்த நாடாவில் பாட்டு முடிந்த இடத்தில் பழைய பதிவின் மிச்சம் எட்டிப் பார்க்கும். அது ஒரு திரைப்பாட்டாக இருந்தால், அந்தப் பாட்டு வெளியான ஆண்டுக்கு முன் இந்தப் பதிவு நடந்திருக்க முடியாது. பின்னணியில் கேட்கும் ஷிப்டுச் சங்கு, தேர்தல் பிரச்சார ஒலிபெருக்கி, பேருந்தின் ஹார்ன் எல்லாம் சாட்சிகள். ஆர்கன் நடுவில் நின்றுபோய் மத்தளம் மட்டும் தொடர்ந்தால் மின்வெட்டு. இவற்றைவிட நுட்பமானது மின்சாரத்தின் ரீங்காரம். இந்தியாவின் மின்விநியோகம் வினாடிக்கு 50 சுழற்சி. மின் இணைப்பில் ஓடிய கருவியின் பதிவில் அந்த ரீங்காரம் மெலிதாகப் படிந்திருக்கும். இன்று ஓட்டும்போது அது 52-ல் கேட்டால், நாடா ஏறக்குறைய நான்கு விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று அறிந்து, பாடியவரின் உண்மையான சுருதிக்குத் திருத்திவிடலாம். நிறுவனப் பதிவுகளில் இத்தகைய தடயங்களை இரைச்சல் என்று வடிகட்டியிருப்பார்கள். வரலாற்றுக்கு வேண்டியது பலவும் அந்த இரைச்சலில்தான் இருக்கிறது.

தரம் மோசம் என்ற குறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிதைந்த கல்வெட்டையும் படியெடுக்கிறோம்.

காலம் மட்டும் கல்லுக்கும் நாடாவுக்கும் ஒன்றுபோல் இரங்குவதில்லை. எடுத்தனூர்க் கல் ஏறத்தாழ 1,400 ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிவிட்டது. கேசட்டில் இருப்பது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் பசையில் கலந்து பூசிய இரும்பு ஆக்சைடு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பூஞ்சை படியும், பூச்சு உதிரும், அழுத்தும் பஞ்சுத்துண்டு கழன்று விழும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையின் புழுக்கத்தில் கிடந்த நாடாவைவிட இங்கே பரணில் கிடந்தது பிழைத்திருக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் 1980-களில் ஆலைக்கு வந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள், 2019-ல் மாநகராட்சியான ஊரில் நிலத்தின் விலை பழைய பரண்களை விட்டுவைக்காது. கேசட்டை ஓட்டும் கருவியும், அதன் தலையைச் சுத்தம் செய்து ரப்பர் பெல்ட் மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் அரிதாகி வருகிறார்கள்.

நடுகற்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இடம் இருக்கிறது. அங்கேயே இந்த நாடாக்களுக்கும் ஓர் அலமாரியும், அவற்றை மின்கோப்பாக மாற்ற ஒரு கருவியும், அதை இயக்க ஒருவரும் வேண்டும். அதுவரை, ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் சூளகிரியிலும் பர்கூரிலும் வீட்டுப் பரணில் கேசட் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டையும் எடுத்துப் பாருங்கள். கடையில் வாங்கியதைத் தள்ளிவைத்து, கையெழுத்து உள்ளதைத் தனியே எடுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பதிந்தது என்று நினைவிருக்கும் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு, உறையிலேயே எழுதுங்கள். முதுகில் உள்ள அந்த இரண்டு பள்ளங்களில் பிளாஸ்டிக் துண்டு இன்னும் இருந்தால் உடைத்துவிடுங்கள். அதன் மேல் இனி யாரும் வேறொன்றைத் தவறிப் பதிந்துவிட முடியாது.